பதினோரு மில்லி உயர்ந்துபோன பாலம்

விருத்தாசலத்தில் பொம்மைக்கு அச்சு செய்கிறவர்களிடம் உயரம் கேட்டால் ஒரு எண் சொல்ல மாட்டார்கள். இரண்டு சொல்வார்கள். அச்சில் இவ்வளவு, கையில் இவ்வளவு. பச்சைக் களிமண்ணாக நூறு மில்லி உயரம் நிற்கிற பொருள் சூளைக்குள் போய் வெந்து வெளியே வரும்போது எண்பத்தெட்டுதான் இருக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டைச் சூளை தின்றுவிடும். அதனால் அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். எட்டு சென்டி பொம்மைக்கு ஒன்பது புள்ளி ஒன்று சென்டியில் அச்சு. ஜெயஸ்ரீ முப்பது வருஷம் இந்த இரண்டு எண்களோடு பிழைத்தார்.

போன தை மாதம் இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்.

இது அதற்கு முந்தின ஐப்பசியில் நடந்தது. காரியத்துக்கு வந்தவர்கள் அவர் மகள் தமிழினியிடம் ஆளாளுக்கு ஒரு துண்டாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் இல்லையென்ற இடமும் உண்டு. அங்கெல்லாம் ஜெயஸ்ரீ என்ன செய்திருப்பாரோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொம்மை ரயில் அவருக்கு வந்தது மங்கலம்பேட்டையிலிருந்து. சுக்கூர் பாய் ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். கணக்கு முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது, அவர் வேலை பார்த்த வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள் என்று ஒதுக்கிவைத்திருந்த ரயில் செட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு சாண் நீளத்தில் ஒரு டீசல் எஞ்சின், நாலு பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம், கரண்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னப் பெட்டி. ஏர்போர்ட்டுக்கு அழைக்கப் போயிருந்த மைத்துனர் அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் அங்கேருந்து தங்கம் கொண்டாருவாங்க, எங்க மச்சான் ரயிலு கொண்டாந்திருக்காரு" என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

பாய் அதற்கு அட்டையில் ஒரு ஸ்டேஷன் கட்டினார். மழைக்காலத்தில் அது நமுத்துச் சாய்ந்தது. பீங்கானில் செய்தால் சாயாதே என்று விசாரித்துக்கொண்டு ஜெயஸ்ரீயின் பட்டறைக்கு வந்தார்.

"எந்த ஸ்டேஷன் பாய்?"

"ஏதோ ஒரு ஸ்டேஷன்மா."

"ஏதோ ஒண்ணுன்னா எப்படிச் செய்யறது? அளவு வேணும். நம்ம ஜங்ஷனையே செஞ்சிடலாமா?"

மறுநாள் குடையை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஜங்ஷனில் தூண் தூணாக நின்று அளந்தார். குடை எவ்வளவு நீளம் என்று தெரியும், தூணில் எத்தனை குடை என்று எண்ணினால் போதும். பிளாட்பாரத்தில் கடலை விற்கிறவர், "யாரையம்மா தேடுறீங்க?" என்று கேட்டதற்கு, "தூணத்தான்" என்றார்.

ஸ்டேஷன் வெந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாய் ரயிலையும் கையோடு கொண்டுவந்தார். மாடியில் ஷீட்டு போட்ட அறையில், அச்சுகள் காயவைக்கும் பலகை மேல் வட்டம் பூட்டி ஓட்டினார்கள். ஜெயஸ்ரீ கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு முட்டிபோட்டார். பிறகு கன்னத்தைப் பலகையில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அப்படிப் பார்த்தால் எஞ்சின் நிஜ அளவுக்கு வந்துவிடுகிறது. நம் மூக்கை நோக்கி வருகிறது. அவர் கணவர் பழமலை ஏதோ கேட்க மாடிக்கு வந்தவர், ஐம்பது தாண்டிய மனைவி பலகையில் தலைவைத்துப் படுத்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், "என்னா ஆச்சி, மயக்கமா?" என்றார்.

"செத்த கம்முனு இருங்க. வண்டி வருது."

அதற்குப் பிறகு ரயில் மங்கலம்பேட்டைக்குத் திரும்பிப் போகவில்லை. பழமலை அந்த அறைக்கு ஜங்ஷன் என்று பேர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல், "ஜங்ஷனுக்கு எத்தனை டீ?" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குப் பதிலாக வரும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டானது, மூன்றானது. ஒருமுறை ஏழு வரைக்கும் போனது. எல்லோரும் ஒட்டவில்லை. சிலர் வந்து பார்த்து, சிரித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒட்டியவர்களில் ஒருவர் நல்லூர் பாவாடை.

பாவாடை விவசாயி. எள்ளும் உளுந்தும் போடுகிறவர். எள் அடித்தபின் மிஞ்சுகிற காய்ந்த தட்டையில் மரம் செய்வார். நுனியை மட்டும் நறுக்கி, பச்சைப் பெயிண்டில் நனைத்த மரத்தூளைத் தூவி எடுத்தால் வேப்ப மரம்தான். ஆனால் முதல் தடவை அவர் கொண்டுவந்தது மரமில்லை, மாடு. களிமண்ணில் அவரே பிடித்தது. மாடு எஞ்சினை விட உயரம்.

பாய் வாயைத் திறந்தார். ஜெயஸ்ரீ கையைக் காட்டித் தடுத்தார். மாட்டைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்து, ரயிலை அதைக் கடந்து இரண்டு சுற்று விட்டார். பாவாடையையும் கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"மாடு ரயிலைத் திரும்பிப் பாக்குது பாருங்க பாய். கழுத்து அவ்வளவு சரியா வந்திருக்குது."

பாவாடையே நிமிர்ந்து, "மாடு கொஞ்சம் பெருத்துப்போச்சிங்க" என்றார். "தீனி ஜாஸ்தி."

அது அந்த அறையின் வழக்கமாகிவிட்டது. யார் எதைச் செய்துகொண்டு வந்தாலும் முதலில் ரயில் ஓட வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். ஓடி முடிந்தபின் குறை சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. செய்தவர் கண்ணிலேயே பட்டுவிடும். ஜெயஸ்ரீ இதை யோசித்துச் செய்தாரா என்று தெரியாது. பட்டறையில் பொம்மை உடைந்து வந்தால் திட்டுவார். மாடியில் திட்டி யாரும் கேட்டதில்லை.

பிரபாகரன் வந்தது அந்த வருஷம் ஆடியில். வேப்பூரில் ஹைவேயை ஒட்டி அவர் மாமனாருக்கு ஒரு ஹோட்டல். அங்கே கல்லாவில் உட்காருவது பிரபாகரன். பாய் ஒருநாள் டீ குடிக்க இறங்கியவர், மேஜை மேல் ஒரு ரயில் பெட்டியை வைத்துச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் திரும்பிப் போனார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. சிவில் டிப்ளமோ படித்தவர். நன்றாகப் படம் வரைவார். போட்டோ ஸ்டுடியோ வைத்தார், விட்டார். தேனீப் பெட்டி வைத்தார், விட்டார். மாடித் தோட்டம் போட்டார், விட்டார். எதிலாவது ஒரு இடத்தில் சறுக்கினால் அதோடு சரி, அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். இதை அவர் மனைவி சிவசங்கரிதான் ஜெயஸ்ரீயிடம் சொன்னது, அதுவும் பட்டறை வாசலில் முதல்முறை பார்த்தபோதே. "இவரு ஆரம்பிச்சதையெல்லாம் வரிசையா வெச்சா வேப்பூர்லேருந்து விருத்தாசலம் வரைக்கும் போவும்மா. உங்க ரயிலு எத்தனாவது கிலோமீட்டர்னு பாப்போம்."

பிரபாகரன் அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜெயஸ்ரீக்குப் பிடிக்கவில்லை என்று பாய் சொன்னார். மாடிக்கு வந்தபின், "அந்தத் தம்பிய விட்டுடக் கூடாது பாய்" என்றாராம். ஏன் என்று பாய் கேட்கவில்லை.

பிரபாகரனுக்குப் பாலம் கொடுத்தார்கள். மணிமுத்தாற்று ரயில் பாலம். வட்டம் அதற்குள் நீள்வட்டமாகி, இரண்டு பலகை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு பக்கம் ஜங்ஷன், எதிர்ப்பக்கம் ஆறு. ஆற்றுக்குப் பாவாடை நிஜ மணிமுத்தாற்று மணலையே சலித்துக் கொண்டுவந்து, பசை தடவி ஒட்டியிருந்தார். அதில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. கரையில் தண்டவாளம் ஆற்றுக்கு மேல் எண்பது மில்லி உயரத்தில் நின்றது. ஆக, தூண் எண்பது மில்லி. எட்டுத் தூண்கள். பிரபாகரன் வரைய வேண்டும், ஜெயஸ்ரீ அச்சு செய்ய வேண்டும்.

படம் பார்க்கவே அழகாக இருந்தது. அடியில் அகன்று மேலே ஒடுங்கி, தண்ணீரைக் கிழிக்கிற பக்கம் மட்டும் கூர்மையாக. நிஜப் பாலத்துக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வந்து வரைந்திருந்தார். செய்யப்போகிற தூணின் அளவிலேயே வரைந்திருந்ததால் ஜெயஸ்ரீ படத்தின் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, வழக்கமான கணக்கைச் சேர்த்து அச்சு செய்தார். தூண் எவ்வளவு உயரம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை, அளந்த எண்ணை எண்பதோடு ஒத்துப் பார்க்கவும் இல்லை. கேட்க என்ன இருக்கிறது, படம் இருக்கிறது.

பீங்கான் கம்பெனிகள் சேர்ந்திருக்கிற எஸ்டேட்டில் அவர் அச்சு கொடுக்கும் ஒரு பொம்மைக் கம்பெனி உண்டு. அங்கே சூளை மூட்டும்போது ஒரு மூலையில் இவருடைய சாமான்களுக்கும் இடம் கொடுப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் எட்டுத் தூண்களும் அகல் விளக்குகளோடு சேர்ந்து வெந்தன. அதோடு சரி, கார்த்திகை தீபம் முடியும்வரை சூளையில் ஓர் இண்டு இடுக்கு கிடைக்காது. எல்லாம் விளக்குக்குத்தான். மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த ரயிலைப் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டுவதாகப் பாய் வாக்குக் கொடுத்திருந்த நாளோ தீபத்துக்கு முன்னால் வந்தது.

தூண்களைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்தார்கள். பிரபாகரன் புதுச் சட்டை போட்டிருந்தார் என்று பாவாடை சொன்னார். ஒவ்வொன்றாக ஆற்று மணலில் நிறுத்தி, மேலே பாலத்தின் தட்டை வைத்தார்கள். தட்டு கரையோடு சேரவில்லை. கரையின் தண்டவாளத்தை விடப் பாலம் விரற்கடை உயரத்தில் நின்றது. எஞ்சின் அதில் ஏறாது. ஏறுவதென்றால் குதிக்க வேண்டும்.

ரயில் ஓட வழியில்லை. அதனால் பேச்சு முதலில் வந்துவிட்டது.

"படத்த தப்பா போட்டுட்டியேப்பா" என்றார் சுக்கூர் பாய். கோபமாகச் சொல்லவில்லை. பல்பு ஃபியூஸ் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிரபாகரன் குனிந்து பாலத்தையும் கரையையும் பார்த்தார். வெர்னியரை எடுத்து ஒரு தூணை அளந்தார். திரும்ப அளந்தார்.

"ஆமாங்க பாய். எம்மேலதான் தப்பு" என்றார். பையை எடுத்துக்கொண்டார். "நான் போயிட்டு வரேங்க்கா."

படிக்கட்டில் பழமலை டீத் தட்டோடு ஏறி வந்துகொண்டிருந்தார். பிரபாகரன் சுவரோடு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டு, இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. ஜெயஸ்ரீ போன் செய்தார்.

"ஹோட்டல்ல ஆளு இல்லைக்கா."

"சரி தம்பி. அதுக்கடுத்த வாரம்?"

"பாக்குறேங்க்கா."

போனை வைத்தபின் ஜெயஸ்ரீ மாடிக்குப் போனார். தூண்கள் ஆற்றில் நின்றபடியே இருந்தன. ஒன்றை எடுத்துப் பிரபாகரனின் படத்தின் மேல் படுக்கவைத்தார். கோட்டோடு கோடு பொருந்தியது. மேலும் இல்லை, கீழும் இல்லை. அப்படியென்றால் அச்சு சரி, சூளையும் சரி. படத்தில் இருந்தது அப்படியே கைக்கு வந்திருக்கிறது. படத்தின் உயரத்தை அளந்தார். தொண்ணூற்றொன்று.

எண்பது வேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்று. வேறு யாருக்கும் அது ஒரு தப்பான எண். ஜெயஸ்ரீக்கு அது தப்பான எண்ணில்லை. எட்டு சென்டி பொம்மைக்கு ஒன்பது புள்ளி ஒன்று. முப்பது வருஷமாகக் கை போடுகிற கணக்கு. எங்கேயோ விசாரித்து, களிமண் சுருங்கும் என்று தெரிந்துகொண்டு, பிரபாகரனே அதைச் சேர்த்து வரைந்திருக்கிறார். அதன் மேல் இவர் இன்னொரு தடவை சேர்த்திருக்கிறார். சூளை ஒருமுறைதான் தின்னும்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மகளுக்குப் போன் செய்தார். தமிழினி கோயம்புத்தூரில் பம்பு செய்கிற கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வைர வீல் வெச்சி அடியில பதினோரு மில்லி அறுத்துடுங்கம்மா, முடிஞ்சிபோச்சி" என்றாள்.

"உள்ள பொள்ளலா இருக்குதே. அறுத்தா வெடிச்சிடும். அறுக்க வேணாம். பலகையில ஓட்ட போட்டு உள்ள எறக்கிட்டா சரியாப்போவும். பலகை பன்னெண்டு மில்லிதானே."

"அப்ப விஷயம் முடிஞ்சிது. எதுக்கு வேப்பூர் போறீங்க? பாயிகிட்ட சொன்னா போட்டுடுவாரு."

"பாயி சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, அந்தத் தம்பி வராது. அதுவா சொல்லணும்."

"அவரு சொல்லலேன்னா?"

"பஸ்ஸு வந்துடிச்சி. வெக்கிறேன்."

வேப்பூரில் இறங்கியபோது டிபன் நேரம் முடிந்து, சாப்பாட்டு நேரம் ஆரம்பிக்கவில்லை. ஹோட்டலில் இரண்டு லாரி டிரைவர்கள் மட்டும் இருந்தார்கள். பிரபாகரன் கல்லாவிலிருந்து பாதி எழுந்தார்.

"வாங்கக்கா. என்னா திடீர்னு?"

"சாப்புட வந்தேன். இது ஹோட்டல்தானே?"

சிவசங்கரி உள்ளேயிருந்து வந்தாள். "வாங்கம்மா, உக்காருங்க. தோசை சூடா போடச் சொல்றேன். ரயிலு எப்படி ஓடுது?"

"பாலத்துல நிக்குது."

பிரபாகரன் கல்லாச் சாவியைத் திருப்பினார். தோசை வந்தது. ஜெயஸ்ரீ சாப்பிட்டார். இலையைத் தள்ளிவிட்டு, கை கழுவிவந்து, துணிப் பையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் விரித்தார். தூணை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"தம்பி, செத்த இங்க வாங்க. கோட்டுக்கு வெளிய எங்கனா போவுதா பாருங்க."

அவர் வந்து பார்த்தார். "போவலைக்கா."

"படத்துல எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

"வேண்டியது?"

"எம்பது."

"எம்பதுக்கு எதுக்குத் தொண்ணூத்தொண்ணு போட்டீங்க?"

லாரி டிரைவர் ஒருவர் பில் கொடுக்க வந்தார். பிரபாகரன் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார்.

"எஸ்டேட்ல போயி விசாரிச்சேங்க்கா. வேவும்போது சுருங்கும்னாங்க. உங்களுக்குக் கணக்கு போடுற வேலை மிச்சமாவட்டும்னு நானே சேர்த்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா பெரும அடிச்சிக்கிற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

ஜெயஸ்ரீ சிரித்துவிட்டார். "நானும் சேர்த்துட்டேன் தம்பி. யாரு என்னா அளவு குடுத்தாலும் சேர்த்துடுவேன். கேக்க மாட்டேன். கேட்டிருக்கணும். தப்பு எம்மேல."

"இல்லீங்க்கா. எஸ்டேட்டு வழக்கம் என்னான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லாதது எம்மேலதான்."

"கேக்காதது?"

"சொல்லாததுனாலதானே நீங்க கேக்கல?"

"நல்லாருக்குது" என்றாள் சிவசங்கரி. "உலகத்துல எல்லாரும் தப்ப அடுத்தவங்க தலையில போடுவாங்க. இங்க ரெண்டு பேரு எனக்கு எனக்குன்னு புடுங்கிக்கிறாங்க. ஆளுக்குப் பாதியா பிச்சிக்கிட்டு சாப்புடுங்க, சட்னி தரேன்."

பிரபாகரன் சிரித்தார். வழக்கமான சிரிப்புதான். சிரித்துவிட்டுத் தூணைத் தூக்கி, படத்தை மடிக்கப் போனார். மடித்துவிட்டால் முடிந்துவிடும் என்று ஜெயஸ்ரீக்குத் தெரிந்தது.

"இன்னொரு தோசை போடச் சொல்லும்மா" என்றார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒன்றுக்கு மேல் சாப்பிடுகிற ஆள் இல்லை. சிவசங்கரி ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"இனிமே வேற சூளைக்கு வழியில்ல" என்றார் ஜெயஸ்ரீ, புது இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "தீபம் வரைக்கும் வெளக்குதான். இது நிக்கிற மாதிரி நிக்கும். பாயி கட்டைய வெச்சி ரயில ஓட்டிக்கலாங்கிறாரு."

"கட்டையா?"

"ஆமா. மரக்கட்ட. எட்டு கட்டைய எம்பதுல அறுத்து வெச்சிட்டா தீர்ந்துதாம்."

"மணிமுத்தாத்துல மரத்தூணா?" என்றார் பிரபாகரன். முதல்தடவையாகக் குரல் கொஞ்சம் ஏறியது. தூணைக் கையில் உருட்டினார். கூர்மையான பக்கத்தை விரலால் தடவினார். அது அவர் பாலத்துக்கடியில் நின்று பார்த்து வரைந்த பக்கம்.

தோசை வந்தது. ஜெயஸ்ரீ பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார். ஒரு பஸ் வந்து நின்று பத்துப் பேர் இறங்கினார்கள். பிரபாகரன் கல்லாவுக்குப் போகவில்லை. சிவசங்கரி போய் உட்கார்ந்தாள். போகும்போது, "பாத்துக்குங்க, கிலோமீட்டர் கல்லு வந்துடிச்சி" என்றாள்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தூணை மேஜை விளிம்புக்கு நகர்த்தினார். விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிப் பிடித்தார். கொஞ்சம் கீழே இறக்கினார். தூணின் அடி மேஜைப் பலகைக்குக் கீழே போனது.

"அக்கா."

"ம்."

"நெசப் பாலத்துல தூணு மணலு மேலயா நிக்குது? உள்ள எறங்கிதானே நிக்குது?"

"ம்."

"நம்ம பலகை பன்னெண்டு மில்லி. தூணு ஜாஸ்தி பதினொண்ணு. ஓட்ட போட்டு எறக்கி, அடியில ஒரு தகடு அடிச்சி, ஒரு மில்லி அட்டை வெச்சா..."

"வெச்சா?"

"சரியா எம்பதுக்கா."

ஜெயஸ்ரீ தோசையின் கடைசித் துண்டை மென்று முழுங்கினார். "அப்படியா?" என்றார். "எனக்கு இந்தக் கட்டட வேலையெல்லாம் தெரியாது. வந்து போட்டுக் காட்டுங்க."

அன்று மாலை மகளிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "ரெண்டு தோசை சாப்புட்டேன், திட்டாத."

ஞாயிற்றுக்கிழமை பிரபாகரன் வந்தார். ஆனால் ஒருவரும் யோசிக்காத ஒன்று அங்கே காத்திருந்தது. ஓட்டை போட வேண்டியது பாவாடையின் ஆற்றில்.

பாவாடை விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆற்றுக்கும் துளைக்கிற மிஷினுக்கும் நடுவில் போய் நின்றார். "நம்ம ஆத்துல மணலு அள்ளாத எடம் இது ஒண்ணுதான் மிச்சம். இதுலயும் பள்ளம் போடணுமா?"

"எட்டே எட்டு ஓட்டதான்யா" என்றார் பாய்.

"எல்லாரும் அப்படித்தான் பாய் ஆரம்பிச்சாங்க."

சிரிப்பு எழுந்தது. பாவாடை சிரிக்கவில்லை. பிரபாகரன் மிஷினைக் கீழே வைத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை அது என்று அவருக்கும் தெரியும். பின்னால் ஓரடி எடுத்து வைத்தார். இன்னொன்று வைத்தால் படிக்கட்டு.

ஜெயஸ்ரீ எப்போதும் இந்த மாதிரி இடத்தில் ஏதாவது சொல்வார். அன்று சொல்லவில்லை. சொன்னால் ஒருவர் பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரபாகரன்தான் பேசினார். "பாவாடைண்ணே, நீங்களே சொல்லுங்க. ஆத்துல தூணு நின்னா சுத்தி மணலு எப்படிக் கெடக்கும்? மேல ஒட்டின மாதிரி சமமாவா?"

பாவாடை யோசித்தார். "இல்ல. தண்ணி வர்ற பக்கம் அரிச்சி குழியா இருக்கும். பின்பக்கம் வாலு மாதிரி மேடு கட்டும்."

"எனக்கு அது வரைய வராது."

"வரையற வேலையில்ல அது." பாவாடை மிஷினைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "குறி போடு. நான்தான் தோண்டுவேன். உங்க யாருக்கும் ஆறு தெரியாது."

குறி போட்டார்கள், துளைத்தார்கள். மணலும் மரத்தூளுமாக அறை முழுக்கப் பறந்தது. ஜெயஸ்ரீ பலகை அதிராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். புடவையெல்லாம் தூள். எட்டாவது தூணும் இறங்கியபின் பாவாடை ஒவ்வொன்றைச் சுற்றியும் குழியும் மேடும் பிடித்தார். பாய் பாலத்தின் மேல் தண்டவாளத்தைப் பூட்டிக் கரண்ட் ஒயரைச் சேர்த்தார்.

எஞ்சின் ஜங்ஷனை விட்டுக் கிளம்பி, பாவாடையின் பெருத்த மாட்டைக் கடந்து, வளைவில் திரும்பிப் பாலத்தில் ஏறியது. ஏறியதே தெரியவில்லை, அவ்வளவு சமம். மூன்று பேர் கன்னத்தைப் பலகையில் வைத்திருந்தார்கள். அறையில் இடம் போதாமல் பாய் தலையைப் பாவாடையின் முதுகின் மேல் வைத்திருந்தார். ஐந்தாவது தூணில் ஒரு சின்னக் குலுங்கல். பெட்டிகள் ஒவ்வொன்றாக அந்த இடத்தில் குலுங்கிக் கடந்தன.

ரயில் சுற்றி வந்து நின்றது. இனி பேசலாம். பாய் ஜெயஸ்ரீயைப் பார்த்தார். ஜெயஸ்ரீ பலகையில் படிந்திருந்த மரத்தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

பிரபாகரன் பலகைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். "அஞ்சாவது தூணுக்கு வெச்ச அட்டை தடிச்சிப்போச்சி" என்று அங்கிருந்து குரல் வந்தது. "நான் வெச்சதுதான். அரை மில்லி ஜாஸ்தி இருக்கும். பிளேடு குடுங்க."

பாவாடை பிளேடு கொடுத்தார். கீழேயிருந்து பழமலை, ஜங்ஷனுக்கு எத்தனை டீ என்று கேட்டார். நாலு என்றார் ஜெயஸ்ரீ.

கொஞ்ச நேரம் கழித்துப் பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. "பிரபா, மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம். வேப்பூர் பஸ்ஸு போயிடும்."

"அதுக்கப்புறமும் பஸ்ஸு இருக்குது பாய்" என்றார் பிரபாகரன், பலகைக்கு அடியிலிருந்தே. "லைட்ட இந்தப் பக்கம் திருப்புங்க."